அம்மா நடக்கும் ரேழிக்கு எந்த மோஷன் சென்சார்?

தஞ்சாவூர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போக நான்கு மீட்டர் நீள ரேழியைக் கடக்க வேண்டும். நடுவில் ஒரு வாசற்படி. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. ராத்திரியில் இரண்டு தடவையாவது எழுந்து போவார். சுவிட்ச் ரேழியின் மறுகோடியில் இருக்கிறது; அதைப் போட வேண்டுமானால் இருட்டிலேயே அந்தப் படியைத் தாண்ட வேண்டும். ஆள் வந்தால் தானே எரிகிற சின்ன எல்இடி விளக்கு ஒன்றைச் செய்து வைக்கலாம் என்று ஆரம்பித்தேன். ஒரு சனிக்கிழமை வேலை என்று நினைத்தது இரண்டு கோடை, ஒரு மழைக்காலம் வரை நீண்டது. காரணம் ஆள் வருவதை உணரும் மோஷன் சென்சார்தான். நான்கு வகை வாங்கிப் பார்த்தேன். அவற்றில் எது எங்கே உதவியது, எது ஏன் தோற்றது என்பதை இதே மாதிரி வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹெச்சி-எஸ்ஆர்501, ஏஎம்312, ஆர்சிடபிள்யூஎல்-0516 என்ற மூன்று சென்சார்களும் சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ நூறு ரூபாய்க்கு முன்பின்னாகக் கிடைக்கும். நான்காவதான எல்டி2410சி அதைப்போல மூன்று மடங்கு ஆகும். முதல் மூன்றுக்குள் இருபது முப்பது ரூபாய் வித்தியாசத்தைப் பார்த்து முடிவெடுப்பதில் பயனில்லை. தவறான சென்சாரை வாங்கினால் அந்த நூறு ரூபாயும் வீண், ஒரு வாரமும் வீண். முடிவைத் தீர்மானிக்கிற விஷயங்கள் வேறு: ஆள் எந்தப் பக்கமாக நடக்கிறார், அங்கே சுவர் எவ்வளவு சூடாக இருக்கிறது, தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறதா, கரண்ட் போனால் என்ன ஆகும்.

வெள்ளைக் குமிழுக்குள் என்ன நடக்கிறது

கடையில் போய் மோஷன் சென்சார் கேட்டால் வெள்ளைக் குமிழ் வைத்த சின்ன போர்டு ஒன்றை எடுத்துத் தருவார்கள். அதுதான் ஹெச்சி-எஸ்ஆர்501, சுருக்கமாக 501. உடல் வீசும் அகச்சிவப்பு அலையை உணரும் பிஐஆர் வகை. உள்ளே இருப்பது சூடு மாறும்போது மேற்பரப்பில் மின்னூட்டம் தோன்றுகிற ஒரு பொருள். இந்தப் பண்பு உலகத்துக்குத் தெரியவந்த கதையில் இலங்கைக்கு ஓர் இடம் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் அங்கிருந்து கொண்டுபோன டூர்மலின் கற்கள், சூடேறியதும் சாம்பலைத் தம்மிடம் இழுத்தன. ‘சாம்பல் இழுப்பான்’ என்றே டச்சுக்காரர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். டூர்மலின் என்ற பெயரே ‘தோரமல்லி’ என்ற சிங்களச் சொல்லிலிருந்து போனது. பிறகு 1824இல் டேவிட் புரூஸ்டர் இந்தப் பண்புக்குப் பைரோ எலெக்ட்ரிசிட்டி என்று பெயரிட்டார். நூறு ரூபாய் போர்டில் இருப்பது அந்தக் கல் இல்லை என்றாலும் வேலை அதே வேலைதான்.

சென்சாரில் அப்படிப்பட்ட துண்டுகள் இரண்டு, எதிரெதிராக இணைத்திருக்கும். அறை முழுவதும் மெல்லச் சூடானால் இரண்டும் சேர்ந்தே மாறும். ஒன்றை ஒன்று கழித்துவிடும். ஒருவர் குறுக்கே நடந்தால் அவர் உடலின் சூடு முதலில் ஒரு துண்டில் விழும், அடுத்து மற்றதில் விழும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் போர்டில் உள்ள பிஐஎஸ்எஸ்0001 என்ற சிப் பெருக்கி, ‘ஆள்’ என்று 3.3 வோல்ட்டாக வெளியே சொல்கிறது. குமிழில் தெரியும் சின்னச் சின்னக் கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு லென்ஸ். அவை அறையை விசிறி மடிப்பைப் போலப் பல பட்டைகளாகப் பிரித்துக் காட்டுகின்றன. ஒரு பட்டையிலிருந்து இன்னொரு பட்டைக்குத் தாண்டும்போதுதான் சென்சார் விழித்துக்கொள்ளும்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. முதலில் 501ஐ ரேழியின் கடைக்கோடியில், குளியலறைக் கதவுக்கு மேலே, படுக்கையறையைப் பார்த்தபடி வைத்திருந்தேன். ரேழி முழுவதும் அதன் பார்வையில் இருந்தது. ஏழு மீட்டர் வரை பார்க்கும் என்கிறார்கள், நமக்கு நான்குதானே என்ற நம்பிக்கை. காலையில் அம்மா சொன்னார்: “ஏண்டா, லைட்டு எரியறதுக்குள்ள நான் வாசப்படியத் தாண்டிட்டேன்.” சென்சாரை நோக்கி நேராக நடந்து வருகிறவர் ரொம்ப நேரம் ஒரே பட்டைக்குள்ளேயே இருக்கிறார். குறுக்கே கடப்பவர் அரை நொடியில் இரண்டு மூன்று பட்டைகளைத் தாண்டிவிடுகிறார். பிஐஆரை எப்போதும் நடைக்குக் குறுக்காகத்தான் வைக்க வேண்டும். அதே சென்சாரைப் படுக்கையறை வாசலுக்கு வெளியே பக்கவாட்டுச் சுவரில் வைத்ததும் அம்மாவின் முதல் அடியிலேயே விளக்கு வந்தது. வேறு எதையும் மாற்றவில்லை.

அடுத்து வந்தது மே மாதம். ஏப்ரல் வரை ஒழுங்காக வேலை செய்த விளக்கு, ஒரு ராத்திரி எரிந்தது, மறு ராத்திரி எரியவில்லை. வயரைச் சந்தேகித்தேன், சார்ஜரை மாற்றினேன். கடைசியில் சூட்டை அளக்கும் துப்பாக்கி போன்ற கருவியைச் சுவரில் காட்டினேன். ராத்திரி பதினொரு மணிக்கு ரேழிச் சுவர் 34 டிகிரி. பகல் முழுக்க வெயில் குடித்த மொட்டை மாடித் தளம் ராத்திரியில் அந்தச் சூட்டைக் கீழே விட்டுக்கொண்டிருந்தது. மனிதத் தோலின் மேற்பரப்பும் கிட்டத்தட்ட அதே 33, 34 டிகிரிதான். ஆளுக்கும் அவருக்குப் பின்னால் உள்ள சுவருக்கும் சூட்டில் எவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் பிஐஆர் காண்கிறது. இரண்டும் சமமானால் நடந்து போகிறவர் அந்தச் சுவரின் ஒரு பகுதி போலத்தான் அதற்குத் தெரிவார்.

வெயில் ஏற ஏறச் சென்சார் மோசமாகும் என்று நினைக்க வேண்டாம். நடுப்பகலில் சுவர் 40 டிகிரிக்குப் போனால் ஆள் சுவரை விடக் குளிர்ச்சியாகத் தெரிவார். அந்த வித்தியாசத்தையும் பிஐஆர் பிடித்துக்கொள்ளும். 32க்கும் 35க்கும் நடுவில் உள்ள பொழுதுதான் ஆபத்து. நம் ஊரில் அது சித்திரை, வைகாசி ராத்திரி. விளக்கு மிகத் தேவைப்படுகிற நேரமும் அதுதான். ஏழு மீட்டர், ஐந்து மீட்டர் என்ற கணக்கெல்லாம் அறை குளிர்ச்சியாக இருக்கிறபோது பொருந்துவது. சாக்பீஸால் தரையில் அரை மீட்டருக்கு ஒரு கோடு போட்டு நானே நடந்து பார்த்தேன். பிப்ரவரியில் 5 மீட்டரில் எழுந்த என் 501, மே மாத ராத்திரியில் இரண்டு மீட்டருக்கு அருகே போனால்தான் எழுந்தது.

501 போர்டில் சூட்டுக்கு ஏற்ப ஈடுகட்ட ஒரு தெர்மிஸ்டர் பொருத்துவதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். விற்பனைக்கு வருகிற போர்டுகளில் அது பெரும்பாலும் காலியாகவே இருக்கும். பொருத்தினாலும் அது பெருக்கும் அளவைத்தான் கூட்டும். இல்லாத வித்தியாசத்தை எந்தப் பெருக்கியாலும் உண்டாக்க முடியாது. கிட்டத்தில் வைப்பதும் குறுக்கே வைப்பதும்தான் வழி. ஒரு மீட்டருக்குள் கடக்கும் ஆள் சென்சாரின் ஒரு பட்டையை முழுவதுமாக மறைப்பதால் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசமே போதும்.

உயரத்தையும் யோசிக்க வேண்டியிருந்தது. முழங்கால் உயரத்தில் வைத்தால் பூனைக்கும் எரியும் என்பது ஒரு பக்கம். அம்மா சேலை கட்டுகிறார். கீழே முழுவதும் துணி. துணியின் மேற்பரப்பு அறைச் சூட்டை ஒட்டியே இருக்கும். துணி மறைக்காத கையும் முகமும்தான் சென்சாருக்குத் தெளிவாகத் தெரிபவை. இடுப்பு உயரத்துக்கு, தரையிலிருந்து தொண்ணூறு சென்டிமீட்டருக்கு ஏற்றியதும் தவறுவது வெகுவாகக் குறைந்தது. பூனையின் தொல்லையும் போயிற்று. போகாவிட்டால் லென்ஸின் கீழ்ப்பாதியைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் மூடிவிடலாம்.

கண்ணாடி பற்றியும் ஒரு வார்த்தை. அழகாக இருக்கட்டும் என்று சென்சாரின் முன்னால் கண்ணாடியோ அக்ரிலிக்கோ வைக்காதீர்கள். நமக்குத் தெளிவாகத் தெரிகிற கண்ணாடி உடல் வீசும் அகச்சிவப்பு அலையை விடாது. நமக்குப் பால் போல மங்கலாகத் தெரிகிற அந்த மெல்லிய பாலித்தீன் குமிழ் அதை விடும். ஜன்னலுக்கு உள்ளே பிஐஆரை வைத்து வாசலில் வருகிறவரைப் பிடிக்க முயன்ற இரண்டு பேரை எனக்குத் தெரியும். இரண்டு பேருமே சென்சார் பழுது என்று நினைத்துத் தூக்கிப் போட்டார்கள்.

501ஆ, ஏஎம்312ஆ

இரண்டும் பிஐஆர்தான். மேலே சொன்ன குணங்கள் இரண்டுக்கும் பொது. முதன்முதலாகச் செய்து பார்க்கிறவருக்கு நான் 501ஐத்தான் சொல்வேன். அதில் இரண்டு திருகுகள் இருக்கின்றன. ஒன்று எவ்வளவு தூரம் பார்ப்பது என்பதற்கு, மற்றது எத்தனை நேரம் எரிவது என்பதற்கு. சில வினாடியிலிருந்து ஐந்து நிமிடம் வரை வைக்கலாம். ஆர்டுயினோ போன்ற நிரல் எழுதும் போர்டு எதுவும் இல்லாமல், ஒரு பிசி547 டிரான்சிஸ்டரும் நாலைந்து எல்இடியும் மட்டும் கொண்டு முழு விளக்கைச் செய்துவிடலாம். இருட்டில் மட்டும் வேலை செய்ய வேண்டுமானால் வெளிச்சத்தை உணரும் எல்டிஆர் ஒன்றைப் பற்றவைக்கவும் போர்டில் இடம் உண்டு. நாலரை முதல் 20 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் தாங்கும். பழைய ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டரே போதும். எந்த பின் எது என்பது சில போர்டுகளில் குமிழைக் கழற்றினால்தான் தெரியும், உள்ளே அச்சிட்டிருக்கும். கரண்ட் கொடுத்த முதல் ஒரு நிமிடம் கண்டபடி எரிந்து அணையும். அது பழகிக்கொள்ளும் நேரம், பழுது அல்ல.

ஆனால் அதில் ஒரு குணம் என்னை உறுத்தியது. எரிந்து அணைந்தபின் இரண்டரை, மூன்று வினாடி அதற்குக் கண் தெரியாது. பக்கத்தில் ரிலே என்ற மின் சுவிட்ச் தட்டும்போது வரும் மின் சலனத்தில் தானே மறுபடி எரியக்கூடாது என்பதற்காக வைத்த இடைவெளி அது. வயதானவர் நடக்கிற இடத்தில் மூன்று வினாடி என்பது சின்ன நேரம் அல்ல. அம்மா வாசற்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது விளக்கு அணைந்தால், அடுத்த அடியை இருட்டில்தான் வைக்க வேண்டும். போர்டில் உள்ள ஜம்பர் என்ற சின்ன இணைப்பு மூடியை ‘ஹெச்’ பக்கம் வைத்து, எரியும் நேரத்தைக் குறைந்தது ஒன்றரை நிமிடமாக வைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. ‘எல்’ பக்கம் வைத்தால் ஆள் நடந்துகொண்டே இருந்தாலும் நேரம் முடிந்ததும் அணைந்துவிடும். வீட்டு விளக்குக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஏஎம்312 விரல் நுனி அளவுதான். திருகு கிடையாது. உணர்ந்தால் இரண்டு வினாடி சிக்னல் கொடுக்கும், அவ்வளவே. பார்க்கும் தூரமும் மூன்று முதல் ஐந்து மீட்டர். தாளில் வைத்து ஒப்பிட்டால் 501தான் வெல்லும். எங்கள் ரேழிக்கு நான் 312ஐத்தான் வைத்தேன். காரணம் கரண்ட் கட்.

வெளிச்சம் துளியும் இல்லாமல் அம்மா நடக்க வேண்டியிருப்பது கரண்ட் போன ராத்திரியில்தான். அந்த ராத்திரியில் எரியாத விளக்கை எதற்காகச் செய்ய வேண்டும்? ஆகவே பேட்டரியில் ஓட வேண்டும் என்று முடிவு செய்தேன். பேட்டரி என்று வந்ததும் கணக்கு தலைகீழாக மாறியது. 501க்குக் குறைந்தது நாலரை வோல்ட் வேண்டும். 18650 என்ற ஒற்றை லித்தியம் செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட்தான்; ஓடும்போது 3.7க்கு வந்துவிடும். ஜம்பரின் ‘ஹெச்’ பின்னில் நேரடியாக 3.3 வோல்ட் கொடுத்து உள்ளே வோல்ட்டேஜைக் குறைக்கும் ரெகுலேட்டரைத் தாண்டலாம், பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் 312க்கு எந்தத் தந்திரமும் தேவையில்லை. 2.7 வோல்ட் முதல் 12 வரை ஏற்றுக்கொள்ளும். லித்தியம் செல்லில் நேராகப் போட்டுவிடலாம். சும்மா இருக்கும்போது எடுத்துக்கொள்வது சில பத்து மைக்ரோ ஆம்பியர்தான். செல் தானாகவே சார்ஜ் இழப்பதை விட அது பெரிதில்லை.

அந்த இரண்டு வினாடிச் சிக்னலை ஒன்றரை நிமிட வெளிச்சமாக நீட்ட ஏடிடைனி85 என்ற சின்ன நிரல் சிப் ஒன்றை வைத்தேன். தூங்கும்போது அது ஓரிரு மைக்ரோ ஆம்பியருக்குள் அடங்கிவிடுகிறது. வைஃபை உள்ள இஎஸ்பி32 சிப்பை வைக்க ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிப் ஆழ்ந்த தூக்கத்தில் பத்து மைக்ரோ ஆம்பியர் அளவில் இருந்தாலும், யுஎஸ்பி வைத்த போர்டில் உள்ள சிவப்பு விளக்கும் ரெகுலேட்டரும் விழித்தே இருக்கும். பேட்டரியைத் தின்பது அவைதான். வைஃபை வேறு ஒரு தலைவலி. அது சிக்னல் அனுப்பும் ஒவ்வொரு முறையும் 501 ஆள் வந்ததாகப் பதறும். சென்சாரை ஓர் அடி தள்ளி வைத்து, அதன் பவர் பின்களில் 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தால் குறையும். இந்த விஷயத்தில் 312 எவ்வளவோ தேவலை, அதன் கணக்கெல்லாம் உலோகத் தொப்பிக்கு உள்ளேயே நடக்கிறது.

ரேடார்: சுவரைத் தாண்டிப் பார்க்கும் கண்

மே மாதக் கோபத்தில் நான் வாங்கியது ஆர்சிடபிள்யூஎல்-0516. இதற்குச் சூடு ஒரு பொருட்டே இல்லை. சுமார் 3.2 கிகாஹெர்ட்ஸில் நுண்ணலையை அனுப்பி, திரும்பி வருவதில் உள்ள மாற்றத்தைப் பார்க்கிறது. அந்த அலையின் நீளம் ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்று மேல். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வருகிறவர் அதில் வினாடிக்கு 21 அலைவுகள் உண்டாக்குவார். அந்த மெதுவான அலைவைப் பிடிப்பதுதான் அதன் வேலை. பிளாஸ்டிக், பலகை, மெல்லிய சுவர் எல்லாவற்றையும் கடந்து பார்க்கும். பெட்டிக்குள் மூடி வைத்துவிடலாம், வெளியே ஓட்டை எதுவும் வேண்டாம். பல்லி, எறும்பு உள்ளே போகாது. நேராக எதிரே நடந்து வருகிறவரைத்தான் இது நன்றாகப் பிடிக்கும், குறுக்கே போகிறவரைச் சுமாராகத்தான். பிஐஆருக்கு நேர் எதிர்க் குணம்.

என் ரேழிக்கு இதைவிடப் பொருத்தமானது வேறென்ன என்றுதான் தோன்றியது. கடைக்கோடியில் வைத்தேன். விளக்கு அணையவே இல்லை.

காரணம் படுக்கையறையின் சீலிங் ஃபேன். கதவு திறந்திருந்தால் அதன் உலோக இறக்கைகள் ரேடாருக்கு இடைவிடாமல் நடக்கும் ஆளாகத் தெரிகின்றன. கதவைச் சாத்தினால் பரவாயில்லை, ஆனால் மே மாதத்தில் யார் கதவைச் சாத்துவார்கள்? போர்டில் ஆர்-ஜிஎன் என்று குறித்த இடத்தில் ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் வைத்தால் பார்வை ஐந்து மீட்டராகும், 270 கிலோ ஓம் வைத்தால் ஒன்றரை மீட்டராகச் சுருங்கும். ஒன்றரை மீட்டராக்கினேன். ஃபேன் தொல்லை ஓய்ந்தது. அதோடு, நேரே வருகிறவரைத் தூரத்திலேயே பிடிக்கும் என்ற அதன் ஒரே சிறப்பும் போய்விட்டது. போர்டின் பின்பக்கமும் ஓரளவு பார்ப்பதால் பக்கத்து அறையில் யாராவது புரண்டு படுத்தாலும் சில சமயம் எரிந்தது.

பேட்டரிக்கும் இது ஒத்துவராது. எப்போதும் கிட்டத்தட்ட 3 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளும், குறைந்தது 4 வோல்ட் வேண்டும். ஒரு 18650ஐ வோல்ட்டேஜை ஏற்றும் பூஸ்டர் வைத்து ஓட்டினால் மூன்று வாரம் வரும். ஃபேன் இல்லாத, அக்கம்பக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத, பிளக் பாயிண்ட் இருக்கிற இடம் ஏதாவது உங்களிடம் இருந்தால், உதாரணமாக ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு அடுப்பாகக் கொதிக்கும் வண்டிக் கொட்டகை, அங்கே இதற்கு இணை இல்லை. அங்கே பிஐஆரை வைத்துக் கஷ்டப்பட வேண்டாம். இரண்டு 0516களை அருகருகே வைக்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், ஒன்றின் அலை மற்றதைக் குழப்பும்.

உட்கார்ந்திருக்கிறவரைக் காண

ரேழி விளக்கு சரியானபின் குளியலறைக்கும் ஒன்று வேண்டும் என்று அம்மா கேட்டார். அங்கேயும் 312ஐ வைத்தேன். கழிப்பறையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறவர் பிஐஆருக்கு இல்லாதவர். ஒன்றரை நிமிடத்தில் விளக்கு அணைந்தது. அம்மா இருட்டில் கையை ஆட்டி ஆட்டி அதை வரவழைத்திருக்கிறார். மறுநாள் அதைச் சொல்லும்போது என்னைக் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. நேரத்தைப் பத்து நிமிடமாக நீட்டலாம், ஆனால் வயதானவர் எத்தனை நேரம் இருப்பார் என்று நாம் எப்படிக் கணக்குப் போட முடியும்?

இந்த இடத்துக்கு மட்டும் எல்டி2410சி வாங்கினேன். மூன்று மடங்கு விலைக்கும் தகும். இதுவும் ரேடார்தான், ஆனால் 24 கிகாஹெர்ட்ஸ். அலையின் நீளம் பன்னிரண்டரை மில்லிமீட்டர். மூச்சு விடும்போது மார்பு அசைவது சில மில்லிமீட்டர். ஒன்பது சென்டிமீட்டர் அலைக்கு அது தூசு, பன்னிரண்டரை மில்லிமீட்டர் அலைக்கு அது பெரிய அசைவு. அதனால்தான் சும்மா உட்கார்ந்திருக்கிறவரையும் இது விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. தூரத்தையும் பிரித்தறியும். முக்கால் மீட்டருக்கு ஒரு பகுதி என்று ஆறு மீட்டர் வரை பிரித்து, பகுதிவாரியாக அசைவுக்குத் தனியாக, அசையாத ஆளுக்குத் தனியாக எவ்வளவு கூர்மை வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். போனில் ப்ளூடூத் வழியாகவே செய்துவிடலாம், நிரல் எழுத வேண்டியதில்லை. ஃபேன் இருக்கிற தூரத்துக்குரிய பகுதியை மட்டும் மந்தமாக்கிவிட்டால் அதன் தொல்லையும் பெரும்பாலும் நிற்கும். 0516ஆல் இது முடியாது. அதற்குக் கிட்டம் தூரம் தெரியாது.

இதன் விலை என்பது ரூபாய் மட்டும் அல்ல. 5 வோல்ட்டில் 80 மில்லி ஆம்பியர் எப்போதும் எடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு 18650இல் ஒரு நாள்கூடத் தாங்காது. ஆகவே போன் சார்ஜரில்தான் ஓடுகிறது; கரண்ட் போனால் குளியலறையில் இன்வெர்ட்டர்தான் துணை. சார்ஜரும் 200 மில்லி ஆம்பியருக்கு மேல் தடுமாறாமல் தரக்கூடியதாக இருக்க வேண்டும். மற்ற போர்டோடு இது பேசும் சீரியல் வேகம் வினாடிக்கு 256000 பிட். ஆர்டுயினோ ஊனோவில் சாஃப்ட்வேர் சீரியல் வைத்துப் படிக்க முயன்றால் குப்பைதான் வரும். ஆள் உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லும் அவுட் பின் ஒன்றை மட்டும் பயன்படுத்தினால் அந்தப் பிரச்சினையே இல்லை. எல்டி2410 என்று மட்டும் எழுதியிருப்பதை வாங்காமல் கடைசியில் ‘சி’ இருக்கிறதா என்று பாருங்கள். ‘சி’யின் பின்கள், பற்றவைக்காமல் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் உட்காரும், முதல் வகையின் பின்கள் பாதி இடைவெளியில் நெருக்கமாக இருப்பதால் உட்காராது.

ஈரத்துக்குப் பயந்து இதை மூடி போட்ட பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸுக்குள் முழுவதுமாக அடைத்துச் சுவரில் ஏற்றினேன். ரேடாருக்குப் பிளாஸ்டிக் ஒரு தடையே இல்லை. இரும்புப் பெட்டியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. ஹெச்சி-எஸ்ஆர்04 என்ற அல்ட்ராசானிக் மாட்யூலை நிறையப் பேர் மோஷன் சென்சாராகப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீர்த் தொட்டியில் மட்டம் பார்க்க அது அருமையானது. ஆள் நடமாட்டத்துக்குக் குறுகிய பார்வை, துணி ஒலியை விழுங்கிவிடும். அதோடு அதன் 40 கிலோஹெர்ட்ஸ் நமக்குக் கேட்காவிட்டாலும் நாய்க்கும் பூனைக்கும் கேட்கும் எல்லைக்குள் வருகிறது. அவை தூங்குகிற இடத்தில் ராத்திரி முழுக்க அதை ஒலிக்கவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு கண் வைத்த ஐஆர் அப்ஸ்டக்கிள் மாட்யூல் ஓரிரு சாண் தூரம்தான் பார்க்கும், ரோபோவுக்குச் சரி. விஎல்53எல்0எக்ஸ் லேசர் சென்சார் இரண்டு மீட்டருக்குள் சூடு எதற்கும் அசராமல் துல்லியமாகப் பார்க்கும். ஒரு குறுகலான கதவு நிலையை யார் கடந்தாலும் தெரிய வேண்டும் என்றால் அதை யோசிக்கலாம், வெயில் நேராக விழாத இடமாக இருந்தால்.

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது இது. ரேழியில் இரண்டு ஏஎம்312, ஒன்று படுக்கையறை வாசலை ஒட்டி, இன்னொன்று வாசற்படிக்கு எதிரே, இரண்டும் இடுப்பு உயரத்தில், நடைக்குக் குறுக்காக. இரண்டின் அவுட் பின்களையும் ஆளுக்கொரு டயோடு வழியாக ஒரே ஏடிடைனியில் சேர்த்திருக்கிறேன். எது பார்த்தாலும் விளக்கு எரியும். ஒன்று மே மாதத்தில் தவறினாலும் படியில் இருப்பது பிடித்துக்கொள்ளும். இரண்டாவது சென்சாருக்கு ஆன நூறு ரூபாய்தான் இந்த முழு வேலையிலும் நான் செய்த நல்ல செலவு. ஒரு சென்சாரை எவ்வளவு நன்றாகத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு இடத்திலிருந்துதான் அது பார்க்கும். குளியலறையில் எல்டி2410சி. முதலில் வாங்கிய 501 மாட்டுக் கொட்டகை வாசலில், எல்டிஆர் வைத்து, 12 வோல்ட் அடாப்டரில் ஓடுகிறது. அங்கே எரிந்தாலும் எரியாவிட்டாலும் யாரும் விழப்போவதில்லை.

செய்யப்போகிறவர்களுக்கு ஒரே ஒரு கெஞ்சல். 5 அல்லது 12 வோல்ட் எல்இடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரிலே வைத்து 230 வோல்ட் டியூப் லைட்டை இயக்குவதற்கு அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியன் பக்கத்தில் இருக்க வேண்டும். ராத்திரியில் நடக்க ஒரு வாட் வெளிச்சம் தாராளம், கண்ணும் கூசாது.

பொருத்தி முடித்ததும் ஒரு சின்ன சோதனை. சென்சார் அவுட்டில் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரோடு சிவப்பு எல்இடி ஒன்றை மாட்டி, விளக்குகளை அணைத்துவிட்டு, நடக்கப்போகிறவரையே நடக்கச் சொல்லுங்கள். நாம் நடந்து பார்ப்பது போதாது. என் நடைக்கு எரிந்த விளக்கு அம்மாவின் மெதுவான நடைக்கு எரியவில்லை. 501 வைத்திருந்தபோது திரும்பவும் அதன் திருகைக் கூட்ட வேண்டியிருந்தது. இந்தச் சோதனையை மார்கழியில் ஒரு தடவை, வைகாசியில் சுவர் சுடுகிற ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு இன்னொரு தடவை செய்யுங்கள்.